‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டிய நான்கு எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் டேட்டா திட்டங்களை ஒப்பிட்டுப் பத்திரிகைகள் அட்டவணை போடும்போது கட்டணம், எத்தனை ஜிபி, எத்தனை நாள் என்ற மூன்று கட்டங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. அன்லிமிடெட் திட்டம் என்றால் ஜிபி இருக்க வேண்டிய கட்டத்தில் ‘வரம்பில்லை’ என்று ஒரே சொல் இருக்கும். அந்தச் சொல்லை நம்பித்தான் வாசகர் பணம் கட்டுகிறார். அட்டவணையில் இன்னும் நான்கு எண்கள் சேர்ந்தால்தான் அது அவருக்குப் பயன்படும். முழு வேகம் எத்தனை ஜிபி வரை கிடைக்கும், அதைத் தாண்டியபின் வேகம் எவ்வளவு, ஹாட்ஸ்பாட்டுக்குத் தனியாக எத்தனை ஜிபி, வீடியோ எந்தத் தரம் வரை ஓடும். இந்த நான்கும் கையில் இல்லாமல், அன்லிமிடெட் எடுப்பதா, அளவு வைத்த திட்டம் எடுப்பதா என்று யாராலும் சரியாக முடிவெடுக்க முடியாது.

நான்கில் இரண்டாவது எண்ணுக்குத்தான் எடை அதிகம். ஆனால் விளம்பரங்களில் அதைப் பொடி எழுத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. பல திட்டங்களில் அது 64 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 64 ஆயிரம் பிட். சில திட்டங்களில் 128, சிலவற்றில் 512, இன்னும் சிலவற்றில் 1 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்குப் பத்து லட்சம் பிட். வேகத்தை பிட் கணக்கிலும் அளவை பைட் கணக்கிலும் சொல்வதால் பலருக்கு இது பிடிபடுவதில்லை. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கேபி. ஒரு மணி நேரத்துக்கு 28.8 எம்பி. இரவு பகலாக இடைவிடாமல் இறக்கினாலும் ஒரு நாளைக்கு 691 எம்பிதான் வரும். வரம்பில்லை என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் குழாயையே இவ்வளவு ஒடுக்கிவிட்டால் அதுவே ஒரு வரம்புதான்.

நொடிக்கு 8 கேபியில் போன் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி உடனே போய்விடும். 200 கேபி உள்ள ஒரு படம் இறங்க 25 நொடி. படங்களும் விளம்பரங்களும் நிறைந்த ஓர் இணையப் பக்கம் 3 எம்பி இருந்தால் அதற்கு 6 நிமிடம் 15 நொடி. அதற்குள் பிரவுசர் பொறுமை இழந்து இணைப்பை அறுத்துவிடவும் கூடும். பணம் அனுப்பும் செயலிகளுக்குத்தான் சிக்கல் அதிகம். அவை திறக்கும்போதே பாதுகாப்பு இணைப்புக்காகச் சர்வரோடு பலமுறை போய்வர வேண்டும். கூடவே முகப்பு, படங்கள், அறிவிப்புகள் எல்லாம் இறங்கும். குறித்த நொடிக்குள் பதில் வராவிட்டால் செயலி ‘சர்வர் பிழை’ என்று காட்டும். பயன்படுத்துபவர் வங்கியைத் திட்டிக்கொண்டிருப்பார். உண்மையில் அவருடைய டேட்டா தீர்ந்திருக்கும்.

அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பின்னணியில் ஓடும் இறக்கங்களை நிறுத்துவது. இருக்கும் 8 கேபியை யாரோ குழுவில் போட்ட காலை வணக்கப் படமும், செயலிகளின் ஒத்திசைவும் பங்கு போட்டுக்கொண்டால் உங்களுக்கு வேண்டியது நகராது. ஆண்ட்ராய்டில் டேட்டா சேவரைப் போட்டுவிடுங்கள். ஐபோனில் குறைந்த டேட்டா பயன்முறையைப் போடுங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘சேமிப்பகமும் தரவும்’ பகுதிக்குப் போய், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது தானாக இறங்க வேண்டியவை என்ற பட்டியலில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். அதே இடத்தில் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்து என்ற பொத்தானும் இருக்கிறது. இவ்வளவும் செய்தால் எழுத்தும், தட்டுத் தடுமாறி ஒரு குரல் அழைப்பும் ஓடும். வீடியோ ஓடாது.

இதையே 1 எம்பிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். மனத்தில் நிறுத்திக்கொள்ள ஒரே ஒரு கணக்கு போதும்: 1 எம்பிபிஎஸ் என்பது மணிக்கு 450 எம்பி. 480பி தரத்தில் போன் திரையில் பார்க்கும் வீடியோ பெரும்பாலும் இந்த வேகத்தில் ஓடிவிடும். பாட்டு, வழிகாட்டி வரைபடம், பணப் பரிமாற்றம் எதற்கும் தடை இருக்காது. அதனால் 30 ஜிபி முழு வேகம், பிறகு 1 எம்பிபிஎஸ் என்ற திட்டம், 60 ஜிபி முழு வேகம், பிறகு 64 கேபிபிஎஸ் என்ற திட்டத்தைவிடப் பலருக்கு நல்லது. அட்டவணையில் ஜிபியை மட்டும் அச்சிட்டால் இரண்டாவதுதான் உயர்ந்ததாகத் தெரியும்.

‘அன்லிமிடெட்’ என்ற சொல்லைப் பற்றிய சண்டை புதிதல்ல. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2014 அக்டோபரில் ஏடி அண்ட் டி செல்போன் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. வரம்பில்லாத் திட்டம் என்று விற்றுவிட்டு, சில வாடிக்கையாளர்களுக்கு ஒரு பில் காலத்தில் 2 ஜிபி தாண்டியதுமே வேகத்தைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2019 நவம்பரில் 6 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. பணத்தைவிட முக்கியம் அந்த உடன்பாட்டில் இருந்த நிபந்தனை. வேகத்திலோ அளவிலோ கட்டுப்பாடு இருந்தால் அதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல், ஒரு லிங்க்குக்குப் பின்னால் மறைக்காமல், கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்பதே அது. ஒரு நாளிதழின் அட்டவணை அதை ஆணை இல்லாமலே செய்யலாம்.

அடுத்து, ‘நெட் ஸ்லோ’ என்று நாம் ஒரே பேரில் சொல்லும் மூன்று வேறு வேறு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது மேலே சொன்ன வேகக் குறைப்பு. வரம்பைத் தாண்டியதும் ஒரே அளவில் வேகம் நின்றுவிடும். நள்ளிரவில் பார்த்தாலும் அதே வேகம்தான். இரண்டாவது, முன்னுரிமை இறக்கம். குறிப்பிட்ட ஜிபி தாண்டிய அன்லிமிடெட் வாடிக்கையாளரை நிறுவனம் வரிசையில் பின்னால் தள்ளிவைக்கும். கோபுரத்தில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மாலையில், விளையாட்டு மைதானத்தில், ரயில் நிலையத்தில், சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தும் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, வீடியோவுக்கு மட்டும் போடும் கட்டு. மற்றதெல்லாம் பறக்கும், வீடியோ மட்டும் 480பிக்கு மேல் ஏறாது.

எது நடக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஒருமுறை, மாலை எட்டு மணிக்கு ஒருமுறை வேகம் பாருங்கள். இரண்டு நேரத்திலும் ஒரே சின்ன எண் வந்தால் வேகக் குறைப்பு. காலையில் வேகமாகவும் மாலையில் மந்தமாகவும் இருந்தால் நெரிசல். உங்கள் பக்கத்தில் அதே நிறுவனத்தின் வேறு திட்டத்தில் இருப்பவருக்கு அப்போது வேகமாக வந்தால், உங்களுக்கு முன்னுரிமை இறங்கியிருக்கிறது. வீடியோவுக்குக் கட்டு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2016இல் கொண்டுவந்த ஃபாஸ்ட்.காம் உதவும். அது தன் வீடியோ சர்வர்களில் இருந்தே அளக்கிறது. வேறு சோதனையில் 40 எம்பிபிஎஸ் காட்டிய இணைப்பு இதில் தொடர்ந்து 2 எம்பிபிஎஸ் பக்கமே காட்டினால், வீடியோவுக்குத் தனிக் கட்டு இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

வேகச் சோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. 300 எம்பிபிஎஸ் கிடைக்கும் இடத்தில் பத்து நொடி இறக்கச் சோதனை ஓடினால் 375 எம்பி போய்விடும். அனுப்பும் வேகத்தை அளக்க ஆவது தனி. அளவுத் திட்டத்தில் இருப்பவர் ஆசைக்கு மூன்று நான்கு முறை அழுத்தினால் ஒரு நாள் டேட்டா சோதனையிலேயே கரையும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் 1 ஜிபி முடிய 80 நொடிதான் ஆகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, எந்தத் திட்டம் என்று முடிவெடுக்கும் வேலை. அதை விளம்பரத்தில் இருந்து ஆரம்பிக்கக் கூடாது. உங்கள் போனில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் நெட்வொர்க், அதற்குள் சிம், அதற்குள் டேட்டா பயன்பாடு என்று போனால் ஒரு வரைபடமும் செயலிகளின் பட்டியலும் வரும். பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். முதலில் பில் சுழற்சியின் தொடக்க நாளை உங்கள் திட்டம் தொடங்கிய தேதிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் போன் மாதம் முதல் தேதியில் இருந்து கணக்குக் காட்டும், நிறுவனம் பதினேழாம் தேதியில் இருந்து கணக்கு வைக்கும், இரண்டும் ஒட்டவே ஒட்டாது. பட்டியலில் ஒரு செயலியைத் தொட்டால் முன்னணியில் எவ்வளவு, பின்னணியில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். நீங்கள் பார்க்காமலே போன டேட்டா அந்தப் பின்னணி எண்தான். பட்டியலில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று ஒரு வரி இருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கிய செயலிகள் என்ற வரியும் சிலருக்குப் பெரிதாக இருக்கும்.

ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் ‘தற்போதைய காலம்’ என்று ஓர் எண் வரும். அது மாதக் கணக்கு இல்லை. கடைசியாக எப்போது பூஜ்யமாக்கினீர்களோ அன்றில் இருந்து சேர்ந்தது. ஒருமுறைகூடத் தொடாதவருக்கு அதில் பல வருடக் கணக்குச் சேர்ந்து 300, 400 ஜிபி என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்து அன்லிமிடெட்டுக்குத் தாவ வேண்டாம். பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கி, புள்ளிவிவரங்களை மீட்டமைக்கும் வரியை அழுத்தி, திட்டம் தொடங்கும் நாளில் இருந்து எண்ண ஆரம்பியுங்கள்.

மூன்று சுழற்சிகளின் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள். மூன்றில் எது பெரியதோ அதை எடுங்கள். அதோடு ஐந்தில் ஒரு பங்கு சேருங்கள். 11, 14, 12 ஜிபி என்று வந்திருந்தால் 14ஐ எடுத்து 17 ஜிபி என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணை விற்பவரிடம் சொல்லாதீர்கள். அவர் எதை எடுத்துக் காட்டினாலும் இந்த எண்ணோடு ஒட்டிப் பாருங்கள். போனின் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் அச்சு அசலாகப் பொருந்தாது. வழியில் தவறி மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகள் (டேட்டா பிரிந்து போகும் சிறு பொட்டலங்கள்) நிறுவனத்தின் கணக்கில் சேரலாம். நிறுவனம் சிறு துண்டுகளை மேல்நோக்கி முழுமையாக்கலாம். அதன் செயலியில் காட்டும் எண் சில மணி நேரம் பின்தங்கியும் வரலாம். 1 ஜிபி என்பதை 1000 எம்பியாக எண்ணுகிறார்களா 1024 எம்பியாகவா என்பதிலேயே வித்தியாசம் வந்துவிடும். பணம் பறிபோகக்கூடிய திட்டம் என்றால் உங்கள் போனின் தடை எல்லையை, வாங்கிய அளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக வைப்பது நல்லது. ஆண்ட்ராய்டில் டேட்டா எச்சரிக்கை ஓர் எண், டேட்டா வரம்பு வேறோர் எண். எச்சரிக்கை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். வரம்புதான் டேட்டாவை நிறுத்தும். இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும்.

எண் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால், பெரிய திட்டத்துக்கு ஓடுவதற்குமுன் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். வழக்கமாக ஐந்தாறு இடங்கள்தான்.

குறுவீடியோ முதலாவது. நீங்கள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செயலி அடுத்தடுத்த வீடியோக்களை முன்கூட்டி இறக்கி வைக்கிறது. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர், பார்க்காத வீடியோவுக்கும் டேட்டா கொடுக்கிறார். ஒரு மணி நேரம் நிதானமாக ஒரு படம் பார்ப்பவரைவிட அவருக்கு அதிகம் ஆவது இதனால்தான். செயலியில் டேட்டா சேமிப்பு என்ற பொத்தான் இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும்.

புகைப்பட, வீடியோ காப்புநகல் அடுத்தது. அனுப்புவதும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐபோனில் 4கே வீடியோவை நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 60 ஃப்ரேமில் எடுத்தால் சுமார் 400 எம்பி ஆகிறது என்று அந்தப் போனின் அமைப்புப் பக்கமே சொல்கிறது. பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், சட்டைப் பைக்குள் இருந்தபடியே போன் 1.7 ஜிபியையோ 4 ஜிபியையோ மேகத்துக்கு (இணையச் சேமிப்பகத்துக்கு) ஏற்றிவிடும். கூகுள் போட்டோஸிலும் ஐகிளவுடிலும் மொபைல் டேட்டாவில் ஏற்றும் அனுமதியை அணைத்துவிடுங்கள்.

வீடியோவின் தானியங்கித் தரம் இன்னொரு ஓட்டை. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கில் சாதாரணத் தரம் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டி 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை. ‘ஆட்டோ’ என்று விட்டுவைத்தால் இணைப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்குத் தரம் ஏறும். 4ஜியில் ஒரு மாதம் தாங்கிய ஜிபி, 5ஜி போனுக்கு மாறியதும் இருபது நாளில் தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்களிடம் பழக்கம் மாறியிருக்காது. தரம்தான் ஏறியிருக்கும். ஆறு அங்குலத் திரையில் 480பிக்கும் 1080பிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு நாலு மடங்கு டேட்டா கொடுப்பது என் கணிப்பில் வீண்தான். யூடியூபில் வீடியோ தர விருப்பங்களுக்குள் மொபைல் நெட்வொர்க்குக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அதில் டேட்டா சேமிப்பைத் தேர்ந்தால் வைஃபையில் பார்க்கும் தரம் குறையாது. 5ஜி ஐபோனில் டேட்டா பயன்முறை என்ற இடத்தில் ‘5ஜியில் கூடுதல் டேட்டாவை அனுமதி’ என்று இருந்தால் அதை ‘வழக்கமானது’ என்று மாற்றுங்கள். அந்த அனுமதி இருக்கும்வரை மென்பொருள் புதுப்பிப்புகூட மொபைல் டேட்டாவில் இறங்க வழி இருக்கிறது.

வீட்டில் வைஃபை இருந்தும் மொபைல் டேட்டா கரைவது இன்னொரு வகை. ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்ற வசதி வாங்கும்போதே இயங்கும் நிலையில் வருகிறது. வைஃபை மந்தமானால் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும். மொபைல் டேட்டா பக்கத்தின் அடிப்பகுதியில் அதற்குப் பொத்தான் இருக்கிறது. அதன் மூலம் எவ்வளவு போனது என்றும் அங்கேயே காட்டும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்பு வைஃபை மேம்பட்ட அமைப்புகளுக்குள் இருக்கிறது. திசைவியில் (ரவுட்டரில்) இருந்து தள்ளி இருக்கும் படுக்கையறையில்தான் இது அதிகம் நடக்கும். இரண்டு சிம் போட்ட போனில், ஒன்றில் சிக்னல் விழுந்தால் மற்ற சிம்மின் டேட்டாவுக்கு மாற அனுமதி என்று ஒரு பொத்தானும் உண்டு. சிறிய திட்டம் போட்ட இரண்டாவது சிம் காலியாவது பெரும்பாலும் அதனால்தான்.

இந்த ஓட்டைகளை அடைத்துவிட்டு இன்னொரு மாதம் எண்ணிப் பாருங்கள். அப்போது வரும் எண்தான் உங்கள் உண்மையான தேவை.

அளவுத் திட்டங்களிலும் நல்லது கெட்டது உண்டு. அளவு தீர்ந்ததும் என்ன நடக்கும் என்பதே முதல் கேள்வி. டேட்டா நின்றுவிடுமா, வேகம் குறையுமா, தானாகக் கூடுதல் பேக் ஏறிப் பணம் போகுமா, அல்லது ஒவ்வொரு எம்பிக்கும் கட்டணம் ஓடுமா. கடைசி இரண்டும் ஆபத்தானவை. தானாக ஏறும் பேக்கை ஆரம்பத்திலேயே நிறுத்தச் சொல்லி, நிறுத்திவிட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நின்றுவிடும் திட்டத்தை மட்டமானது என்று நினைக்கிறார்கள். கையில் பணம் எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்துக்கு அதுதான் பாதுகாப்பு.

நாள் கணக்கா மாதக் கணக்கா என்பது இரண்டாவது கேள்வி. தினம் 1.5 ஜிபி, 28 நாள் என்றால் மொத்தம் 42 ஜிபி என்று பெருக்கிப் பார்த்து மகிழ்கிறோம். வார நாட்களில் 0.5 ஜிபியும் சனி, ஞாயிறில் 3 ஜிபியும் செலவிடுபவருக்கு நாலு வாரத்தில் தேவை 34 ஜிபிதான். ஆனாலும் எட்டு நாள் அவருக்கு டேட்டா போதாது, இருபது நாள் தினம் 1 ஜிபி வீணாகும். அவருக்கு 35 ஜிபி மாதத் திட்டம் போதும். நாள் கணக்கு யாருக்குப் பொருந்தும் என்றால், தினமும் ஒரே மாதிரி செலவிடுபவருக்கும், போனைப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டிய வீட்டுக்கும். மூன்றாம் தேதியே மாத டேட்டா முழுவதும் தீர்ந்துபோகும் பயம் அதில் இல்லை. நாள் எந்த நேரத்தில் மாறுகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால், மிஞ்சியதை அதற்கு அரை மணி முன்னால் மறுநாளுக்கான பாட்டையோ பாடத்தையோ இறக்கிவைக்கப் பயன்படுத்தலாம். இறக்கும்போது தரத்தை நடுத்தரத்தில் வையுங்கள். மாறும் நேரத்தைத் தாண்டி இறக்கம் ஓடினால் மறுநாள் பங்கைத் தின்றுவிடும்.

மிச்ச டேட்டா அடுத்த மாதத்துக்கு வரும் என்ற திட்டத்தில், எது முதலில் செலவாகும் என்று கேட்க வேண்டும். பழைய மிச்சம் முதலில் செலவானால் நல்லது. புதியது முதலில் செலவாகி, பழையது கடைசியில் என்றால், பழையதைத் தொடுவதற்குள் அது காலாவதியாகிவிடும். சலுகை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

குறிப்பிட்ட செயலிகளுக்கு டேட்டா கணக்கில் சேராது என்ற சலுகையிலும் இப்படி ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தச் செயலிக்குள் வரும் வெளி லிங்க்கைத் தொட்டால் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். போக்குவரத்தை மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டிருந்தால் எந்தச் செயலி என்றே நிறுவனத்துக்குத் தெரியாது. அப்போது எல்லாமே கணக்கில் சேரும்.

இனி ஹாட்ஸ்பாட். அன்லிமிடெட் வாங்கி ஏமாந்தவர்கள் அதிகம் சொல்லும் குறை இது. போனில் வரம்பில்லை, ஆனால் லேப்டாப்புக்குக் கொடுக்கும்போது 5 ஜிபியோ 10 ஜிபியோதான் என்று பல திட்டங்களில் தனிக் கட்டு இருக்கிறது. நிறுவனத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்ற ஓர் எண் இருக்கிறது. வழியில் கடத்திவிடும் ஒவ்வொரு கருவியும் அதில் ஒன்றைக் குறைக்கும். போனில் இருந்து நேராகப் புறப்பட்டால் அது பெரும்பாலும் 64. லேப்டாப்பில் இருந்து 64ஆகப் புறப்பட்டுப் போன் வழியாக வந்தால் ஒன்று குறைந்து 63 ஆகும். அந்த ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். ஹாட்ஸ்பாட் போக்குவரத்துக்குத் தனி ஏபிஎன் (நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இருந்து இணையத்துக்குப் போகும் நுழைவாயில்) வைத்தும் பிரிக்கிறார்கள்.

லேப்டாப்புக்கோ தான் நிற்பது மொபைல் டேட்டாவில் என்று பல நேரம் தெரியாது. வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கும், மேகக் கோப்புகளை ஒத்திசைக்கும். விண்டோஸ் 10இலும் 11இலும் அந்த ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு, அதன் பண்புகளில் ‘அளவிடப்பட்ட இணைப்பு’ என்பதை இயக்கிவிட வேண்டும். ஒரு ஹாட்ஸ்பாட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். போனில் ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினால் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பில் மற்ற கணினிகளோடு பகிர்வதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் செலவில் புதுப்பிப்பு அடுத்தவருக்குப் போகலாம். மேக்கில் அந்த வைஃபையின் விவரங்களுக்குள் குறைந்த டேட்டா பயன்முறை இருக்கிறது. டிவியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் பெரிய திரை என்று 4கேயை எடுத்துக்கொள்ளும். டிவி செயலியிலேயே தரத்தை இறக்காமல் அதைச் செய்யக் கூடாது. வீடியோ கூட்டங்களைப் பொறுத்தவரை, இருவர் பேசும் ஜூம் அழைப்புக்கு நல்ல தரத்தில் போக 600, வர 600 கேபிபிஎஸ் ஆகும். இரண்டும் சேர்த்து மணிக்கு 540 எம்பி. வாரம் பத்து மணி நேரக் கூட்டம் என்றால் மாதத்துக்கு 20 ஜிபிக்கு மேல் ஹாட்ஸ்பாட் அளவு வேண்டும்.

இத்தனையும் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். வீட்டிலும் வேலை இடத்திலும் வைஃபை இருப்பவருக்கு அன்லிமிடெட் தேவையே இல்லை. அவருடைய உண்மையான மொபைல் டேட்டா மாதம் 10 ஜிபியைத் தொடுவது அரிது. மிச்சம் சேரும், தீர்ந்தால் நின்றுவிடும் அளவுத் திட்டமே அவருக்குச் சரி. போன் ஒன்றே வீட்டின் இணையம், அதிலேயே பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றால் அன்லிமிடெட் வேண்டும். அதிலும் ஹாட்ஸ்பாட் அளவும், வரம்புக்குப் பிந்தைய வேகமும் பார்த்து எடுக்க வேண்டும். பின்வேகம் 64 கேபிபிஎஸ் என்றால் அதை அன்லிமிடெட் என்று எண்ணாமல், முழு வேக ஜிபியை மட்டும் எண்ணி, அளவுத் திட்டமாகவே மதிப்பிடுங்கள். நாள் முழுக்க வண்டியில் சுற்றி வரைபடமும் அழைப்புமாக வேலை செய்பவர் தனக்கு அன்லிமிடெட் அவசியம் என்று நினைப்பார். வரைபட வழிகாட்டலுக்கு ஆகும் டேட்டா மிகக் குறைவு, அதையும் முன்கூட்டி இறக்கி வைக்கலாம். அவர் பார்க்க வேண்டியது எந்த நிறுவனத்துக்கு அந்த வழியில் சிக்னல் இருக்கிறது என்பதைத்தான். ஓயாமல் பாட்டுக் கேட்பவரும் பயப்படத் தேவையில்லை. 160 கேபிபிஎஸ் தரத்தில் மணிக்கு 72 எம்பிதான்.

வெளிநாடு போகிறவர் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். உள்நாட்டில் வரம்பில்லாத திட்டம் எல்லை தாண்டினால் பெரும்பாலும் வரம்புள்ளதாகிவிடும். விமானம் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, அங்கே எவ்வளவு என்று எழுத்தில் தெரிந்தபின் போடுங்கள்.

திட்டம் மாற்றும் தேதியிலும் கவனம் வேண்டும். சுழற்சியின் நடுவில் மாற்றினால் சில இடங்களில் மீதி டேட்டாவும் சேர்த்து வைத்த மிச்சமும் அன்றே அழிந்துவிடும். பின்கட்டணத் திட்டத்தில் பழையதற்கும் புதியதற்கும் பாதிப் பாதிக் கட்டணம் ஒரே பில்லில் வரும். அடுத்த சுழற்சி தொடங்கும் நாளில் இருந்து மாற்றுங்கள் என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறுஞ்செய்தியாக வாங்கிக்கொள்வது நல்லது. மாறிய அன்று போனின் எச்சரிக்கை எண், வரம்பு எண், சுழற்சித் தேதி மூன்றையும் புதிய திட்டத்துக்கு மாற்ற வேண்டும். பழைய வரம்பு அப்படியே கிடந்தால், புதிதாக வாங்கிய டேட்டா மிச்சம் இருக்கும்போதே போன் இணைப்பை நிறுத்திவிடும்.

உங்கள் அடுத்த ஒப்பீட்டு அட்டவணையில் அந்த நான்கு கட்டங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது ஒரு நிறுவனம் எண்ணைத் தர மறுத்தால், அந்தக் கட்டத்தில் ‘தெரிவிக்கவில்லை’ என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்